யார் கத்துகிறார்கள், பார்ப்போம்

ஜூன் 3
இதை எடுத்துப் படிப்பவர் யாராக இருந்தாலும் சரி, யாரிடமும் காட்டிவிடாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். அம்மாவிடம் வேண்டவே வேண்டாம்.

அம்மா மின்வாரியத் தலைமை அலுவலகத்தில் நெட்வொர்க் பார்க்கிறாள். அங்கிருந்து மலை அணைவரை போகும் பழைய முதன்மை போன் லைனை நிறுத்தப் போகிறார்கள். எல்லாம் புதிய கேபிளுக்கு மாறுகிறது. பழையதை எல்லோரும் ‘பெரியவர்’ என்பார்கள். அம்மா அவரிடம் பேசவும் செய்வாள். “இன்னும் கொஞ்ச நாள்தான், பொறுத்துக்கோங்க” என்று அந்த லைனின் பெட்டியைத் தட்டிக்கொடுப்பாள்.

அப்பாவுக்கு அந்த அணையில்தான் வேலை. அங்கே செல்போனுக்கு சிக்னல் கிடையாது. சண்டைக்குப் பிறகு அம்மா அவர் பேச்சையே எடுப்பதில்லை. பள்ளி விட்டதும் நான் அம்மாவின் அலுவலகத்தில்தான் காத்திருப்பேன். கருவி அறையில் ஒரு பழைய போன் இருக்கிறது. அதில் அப்பாவோடு பேசுவேன். அது பெரியவர் வழியாகத்தான் போகிறது.

ஜூன் 5
எல்லாவற்றையும் மாற்றியாகிவிட்டதாம். பெரியவரில் மிஞ்சிய ஒரு போன் மட்டும் யார் கணக்கிலும் வரவில்லை. சாயங்காலமானால் யாரோ பேசுகிறார்கள். அம்மா மண்டையைப் பிய்த்துக்கொள்கிறாள். “பேய் பேசுதோ என்னமோ” என்றார் மீசை மாமா, அம்மாவின் மேலதிகாரி. நானும் சிரித்து வைத்தேன்.

அப்புறம் அவரே சொன்னார்: “பிடுங்க வேணாம்மா. அணைச்சு மட்டும் வைப்போம். வேணுங்கிறவன் கத்துவான். ஒரு வாரம் யாரும் கத்தலைன்னா கழட்டிடலாம்.” எப்போதும் இப்படித்தான் செய்வார்களாம்.

ஜூன் 9
பெரியவரை அணைத்துவிட்டார்கள். ரிசீவரைக் காதில் வைத்துப் பார்த்தேன். இரைச்சல்கூட இல்லை.

ஜூன் 10
கத்தினால் மாட்டிக்கொள்வேன். அம்மா அடிக்க மாட்டாள். அதுதான் பயமே — பேசாமல் இருந்துவிடுவாள். கத்தாவிட்டால் அப்பா இல்லை. நான் என்னதான் செய்ய?

ஜூன் 12
தலை வாரிவிடும்போது அம்மா கேட்டாள், “ஏண்டி ஒரு மாதிரியா இருக்கே?” பல் வலி என்றேன். டார்ச் அடித்து ஒவ்வொரு பல்லாகப் பார்த்தாள். பாவம் அம்மா. கோளாறு எங்கேயோ இருக்க, எங்கேயோ தேடுகிறாள்.

ஜூன் 14
சாப்பிட்ட பிறகு அம்மாவின் போன் அடித்தது. அப்பா! மலையிலிருந்து இறங்கிவந்து கூப்பிட்டிருக்கிறார். அவர் போட்ட சத்தம் கூடம் வரைக்கும் கேட்டது. “எந்த மடப்பய அந்த லைனை அணைச்சான்? பாப்பா எங்கிட்ட எப்படிப் பேசுவா?”

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, “அந்த மடப்பய நான்தான்” என்றாள். சிரித்தாளா, அழுதாளா? தெரியவில்லை. நான் ஓடிவந்து கதவைச் சாத்திக்கொண்டேன். தெரிந்துபோய்விட்டது. இனி அம்மா என்னோடு

கதவைத் தட்டுகிறாள். “தூங்குற மாதிரி நடிக்காதே. அப்பா லைன்லயே இருக்காரு, திற”