புரோக்கருக்குக் காபி மட்டும்

"கத்தாதே, தெருவே கேக்குது!" என்று காலையில் கத்தியது நீங்கள்தான். அதனால் மிச்சத்தை எழுதி வைக்கிறேன்.

மோர்ப் புளிசேரியைச் சூடாக்காதீர்கள், திரிந்துவிடும். பதினோரு மணிக்குப் புரோக்கர் வந்தால் காபி கொடுங்கள், அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். என் வளையலை அடகு வைத்து, கழக்கூட்டம் பக்கம் பிளாட் வாங்கி, வாடகையிலேயே தவணை கட்டிவிடுவீர்களாம்! எதிர்வீட்டு அழகியநம்பியும் இதையே சொல்லித்தான் அங்கே ஒன்று வாங்கினார். ஆறு மாதம் பூட்டிக் கிடந்த அந்தப் பிளாட்டுக்குக் கடைசியில் பிரஜின் என்று ஒரு பையன் வாடகைக்குக் குடிவந்தான்.

பீரோவைக் குடைய வேண்டாம். வளையலைப் போட்டுக்கொண்டுதான் நம்பி மகள் கல்யாணத்துக்குப் போகிறேன்.

பி.கு: மாப்பிள்ளை அந்தப் பிரஜின்தான். மருமகனிடம் வாடகை கேட்க முடியுமா? நாளை முதல் பெண்ணும் அந்தப் பிளாட்டில். தவணை மட்டும் எதிர்வீட்டில்.