பால்கனிப் புதினா

புதினாத் தொட்டியைக் காணோம் என்று பால்கனியில் தேடாதே. பள்ளிக்கு நான்தான் எடுத்துப் போகிறேன். என் வகுப்புப் பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு தண்ணீர் ஊற்றியதில் பள்ளித் தோட்டத்துப் புதினா அழுகிவிட்டது. அவர்கள் வருவதற்குள் இதை மாற்றி நட்டுவிடுவேன். “செத்துப் போச்சுன்னு சொல்லுங்களேன், பசங்க தாங்குவாங்க” என்று நேற்று நீ சுலபமாகச் சொல்லிவிட்டாய். அந்த முகங்களை நான்தானே பார்க்க வேண்டும்? தூக்கமே வரவில்லை.

பால் காய்ச்சி மூடி வைத்திருக்கிறேன். பிளம்பர் வந்தால், மொட்டைமாடிச் சாவி செருப்பு ஸ்டாண்டில் இருக்கிறது.

பி.கு.: பாதிப் படி இறங்கித் திரும்பி வந்தேன். தொட்டியைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன். நாலு தண்டு மட்டும் கிள்ளிக்கொண்டேன். அழுகியதைக் காட்டிவிட்டு, பிள்ளைகளையே நடச் சொல்லப்போகிறேன்.

அதற்காக நீ சொன்னதுதான் சரி என்று அர்த்தமில்லை.