பார்க்குக்கு ஒரு வருட லீவு

ஜூலை 5, சனி

விடிந்ததிலிருந்து சாரல். மாடியில் காயப்போட்ட லேப் கோட் இரண்டாவது நாளாக ஈரம். மெயின் அருவி, ஐந்தருவி இரண்டிலும் குளிக்கத் தடை என்று ஆறரைக்கே போனில் செய்தி. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். அருவியில் தடை என்றால் குளிக்க வந்த கூட்டம் மொத்தமும் வண்டியைத் திருப்பிக்கொண்டு ராட்டினப் பார்க்குக்குத்தான் வரும். பதினாறு வருடமாகப் போகிறவளுக்கு இது தெரியாதா? தெரியும். சனி என்றால் கால் தானாகச் செருப்பைத் தேடுகிறது, அவ்வளவுதான்.

மேலகரத்தில் வீட்டிலிருந்து பத்தரைக்குக் காரை எடுத்தது. பார்க் வாசல் 11.40. வழியெல்லாம் கேரளா வண்டி, மங்குஸ்தான் கடை, துண்டோடு நடுரோட்டில் நின்று எண்ணெய் தேய்க்கும் ஆட்கள்.

இன்றைய குறைகள் (பார்க் பாஸ்காரர்கள் குரூப்பில் போட):
– ரோலர் கோஸ்டர் வரிசை 1 மணி 20 நிமிடம். ஓட்டம் இரண்டு நிமிடம்கூட வராது.
– கொலம்பஸ் (ஆடும் கப்பல்) மூன்றாவது வாரமாக மூடல். 'பராமரிப்பு' போர்டிலேயே பாசி பிடித்துவிட்டது, அதை யார் பராமரிப்பது?
– கேன்டீனில் எலுமிச்சை சாதம் எடுத்துவிட்டார்கள். பீட்சாவாம்.
– கூடுதல் டிக்கெட் எடுத்தவர்களுக்குத் தனி வரிசை. நாம் நனைந்துகொண்டு நிற்க, பக்கத்திலேயே சிரித்துக்கொண்டு போகிறார்கள்.

கோஸ்டரில் பெல்ட் மாட்டிவிடும் பெண் புதுசு, வந்து ஒரு மாதம் இருக்கும். இருபது வயது இருக்கும். "முன்னாடியெல்லாம் இதுல ரெண்டு வண்டி ஓடும், தெரியுமா?" என்றேன். அவள் என் பெல்ட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டே, "தெரியும்க்கா. போன வாரமும் சொன்னிய. அதுக்கு முந்துன வாரமும் சொன்னிய" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. பின் சீட்டில் யாரோ சிரித்தார்கள்.

இறங்கும்போது காது சுட்டது. வீட்டுக்காரர் வழக்கமான பெஞ்சில். மடியில் என் கைப்பை, கண்ணாடிக் கூடு, இரண்டு போன், குடை. "எப்படி இருந்துச்சு?" என்றார். "மோசம்" என்றேன்.

திரும்பும்போது காரில்: "பார்க் வருசப் பாஸ் இந்த மாசத்தோட முடியுதுலா? ஒரு வருசம் விட்டா என்னட்டி?"

வீடு வரைக்கும் வைப்பர் சத்தம்தான்.

ஜூலை 6, ஞாயிறு

இட்லி மாவு பொங்கவில்லை, குளிர். லேப் கோட் இன்னும் காயவில்லை.

ஷமீமாவும் விடலாம் என்கிறாள்! கடையநல்லூர் ஷமீமா. எங்கள் குரூப்புக்கு அட்மின், பன்னிரண்டு வருடமாகக் கோஸ்டரில் என் பக்கத்து சீட். அவளிடமிருந்து நாலு நிமிட வாய்ஸ் மெசேஜ். "ராணி, கோவப்படாத. இவுக சவுதியில இருந்து நாப்பது நாள் லீவுல வாராக. போன தடவை அந்த மனுசனை சனிக்கிழமை சனிக்கிழமை இழுத்துட்டுப் போயி வரிசையிலேயே நிப்பாட்டிட்டேன். திரும்பிப் போற அன்னைக்குச் சொல்லுதாக, இந்த லீவுல உன் முதுகைத்தான் நல்லாப் பாத்தேன்னு. சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னாக. எனக்குத்தான் தாங்கல. இந்த வருசம் நான் பாஸ் எடுக்கல."

குரூப்பில் ஒரே ரகளை. கீழப்பாவூர் அண்ணாச்சி (போலீஸில் இருந்து ரிட்டயர்டு) கடும் எதிர்ப்பு. "நாம போவாம இருந்தா எப்படிக் குறை சொல்ல? போனாத்தான சொல்லுததுக்கு உரிமை?" அதற்கு ஒன்பது கைதட்டல். நானும் ஒன்று போட்டேன். போட்ட பிறகுதான் யோசித்தேன், குறை சொல்வதற்கா இத்தனை பேரும் போகிறோம்?

பாஸ் புதுப்பிக்கக் கடைசி நாள் 31.

ஜூலை 8, செவ்வாய்

லேப்பில் ஏழு மணிக்குள் ரத்தம் கொடுக்க வெறும் வயிற்றுக்காரர்கள் முப்பத்து நாலு பேர். ஒரு அம்மாவுக்கு நரம்பே கிடைக்கவில்லை, மூன்றாவது குத்தில்தான் ரத்தம் வந்தது. "கைராசிக்காரின்னு சொன்னாவளே" என்றார்.

பாஸை விடலாமா என்று மகன் பிரவீனிடம் போனில் கேட்டேன். கோயம்புத்தூர் ஹாஸ்டலில் ஒரே சத்தம். "எம்மா, நீங்க ரெண்டு பேரும் இன்னுமா போறிய? நான் வாரதை நிறுத்தி அஞ்சு வருசம் ஆச்சும்மா!" அவனுக்காகத்தான் ஆரம்பித்தது. நாலு வயதில் ராட்டினம், ராட்டினம் என்று உயிரை எடுத்தான். அவன் விட்டுவிட்டான், எங்களுக்குப் பிடித்துக்கொண்டது. எனக்கு, என்று எழுதுவதுதான் சரி. இவருக்கு ராட்டினம் என்றால் பயம். முதல் நாள் உட்கார்ந்த பெஞ்சிலிருந்து இன்றுவரை எழுந்ததில்லை. பெஞ்சில் உட்காரவும் அதே பாஸ்தான் என்பது வேறு.

உண்மையை எழுதிவிடுகிறேன், இதை யார் படிக்கப்போகிறார்கள். கோஸ்டரை விடுவதில் எனக்குக் கஷ்டமில்லை. கார்தான். போகவர இரண்டு மணி நேரம். இவர் பேசுகிற ஆள் இல்லை. தென்காசியில் மோட்டார் பம்ப் கடை, காலை எட்டிலிருந்து இரவு எட்டு, வந்தால் சோறு, டிவி, தூக்கம். "தண்ணி வந்துச்சா", "கேஸ் புக் பண்ணியா". ஆறு நாளும் இதுதான் பேச்சு. சனிக்கிழமை காரில்தான் கடைக் கதை, இவர் தம்பி கதை, பிரவீன் படிப்பு என்று கொஞ்சமாவது வாய் திறப்பார். அதையும் நிறுத்திவிட்டால் எங்கள் இருவருக்கும் நடுவில் என்ன இருக்கிறது? பயமாக இருக்கிறது.

ஜூலை 12, சனி

பார்க் இல்லாத சனிக்கு இன்று வெள்ளோட்டம். போகவில்லை.

மழை இல்லை. அருவியில் தடையும் இல்லை. கூட்டமெல்லாம் அங்கே போயிருக்கும், பார்க் காலியாகக் கிடந்திருக்கும். வயிறு எரிந்தது.

இவர் ஸ்டூல் போட்டு மூன்று மின்விசிறியும் துடைத்தார். நான் அடுப்படி ஷெல்ஃப். பத்தரைக்கு இரண்டும் முடிந்துவிட்டது. டிவி. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். விளம்பரம் வந்தபோது, "மத்தியானம் என்ன வைக்க?" என்றேன். "எதையாவது வையி." அடுத்த விளம்பரம் வரை அவ்வளவுதான்.

பதினொன்றரைக்கு எழுந்தார். "கடைக்குப் போயிட்டு வாரேன்." தம்பி இருக்கிறானே கடையில் என்றேன். "ஒரு மோட்டார் வந்திருக்கு."

நாலு மாதமாகத் தைக்காமல் கிடந்த ரவிக்கைக்குக் கொக்கி தைத்தேன். ஐந்து மணிக்கு வந்தார். தலை ஈரம். "கடைப் பக்கம் மழையா?" "ம்." முதல் சனியே இப்படி. இன்னும் ஐம்பத்தோரு சனி இருக்கிறது.

ஜூலை 14, திங்கள்

துணி ஊறவைக்கும்போது இவர் சட்டைப் பையில் ஒரு அட்டை. நல்ல வேளை, நனையவில்லை.

பார்க் போட்டோ. கோஸ்டர் முதல் இறக்கத்தில் தானாக எடுத்து, வெளியே வரும்போது விற்பார்களே, அது. ஓரத்தில் 12 ஜூலை, 1.52.

முன் வரிசை. இடது பக்கம் கண்ணை இறுக்க மூடிய ஒரு காலேஜ் பையன். வலது பக்கம் இவர். இரண்டு கையும் மேலே. வாய் முழுசாகத் திறந்து சிரிப்பு. மேல் கடைவாயில் ஒரு பல்லைக் காணோம்.

முதலில் கோபம்தான் வந்தது. மோட்டார் வந்திருக்காம் மோட்டார்! என்னை வீட்டில் கொக்கி தைக்க விட்டுவிட்டு! பிறகு திரும்பத் திரும்பப் பார்த்தேன். அந்தப் பல் எப்போது போனது? எனக்குத் தெரியாது. இந்த மனிதர் சாப்பிட, தூங்க, கொட்டாவி விட எல்லாம் பார்த்திருக்கிறேன். இவ்வளவு வாய் திறந்து நான் பார்த்ததில்லை.

போட்டோவை இந்த டைரிக்குள் வைத்திருக்கிறேன். அவர் தேடவும் இல்லை, கேட்கவும் இல்லை.

ஜூலை 16, புதன்

சாயங்காலம் சீக்கிரம் வந்துவிட்டார், கடைப் பக்கம் கரண்ட் இல்லை. ஏழு மணிக்கே தோசை. தட்டுக்குப் பக்கத்தில் போட்டோவை வைத்தேன். பேசியதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

பார்த்தார். மென்றுகொண்டிருந்தது நின்றது. "பையில இருந்துச்சா?"

"உங்களுக்குப் பயம் இல்லையா?"

"பயம்னு யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. நானாக முடிவு செய்தது. ஷமீமா, அண்ணாச்சி எல்லோரிடமும் சொல்லி, எத்தனை தடவை சிரித்திருக்கிறோம்.

"பின்ன ஏன் இத்தனை வருசம் ஏறல?"

"பிரவீன் சின்னப் பிள்ளை, ஒரு ஆள் வேணும்லா. அப்புறம் பை இருந்துச்சு."

"லாக்கர் இருக்கே!"

"நீதான லாக்கரே வேண்டாம்ன. அன்னைக்குச் சாவி தொலைஞ்சதுல இருந்து."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

தோசையைப் பிய்த்துச் சட்னியில் தோய்த்து வைத்துக்கொண்டே இருந்தார். வாயில் போடவில்லை. "சொல்லணும்னு தோணல. நீ இறங்கி வரும்போது சிரிச்சுக்கிட்டே வருவ. முடியெல்லாம் கலைஞ்சு, கால் நிக்காம, என் தோளைப் பிடிச்சுக்கிட்டு நிப்ப. அதைப் பாத்துக்கிட்டு இருந்தாலே எனக்குப் போதும். இப்ப ரெண்டு மூணு வருசமா அது இல்ல. யாரையாவது வஞ்சுக்கிட்டேதான் இறங்குத. எப்படி இருந்துச்சுன்னு கேட்டா மோசம்ங்க. அதான் கொஞ்ச நாள் விடுவோம்னேன். சரி, விடுததுக்கு முன்னாடி என்னதான் இருக்குன்னு நம்மளும் ஒரு தடவை பாப்போம்னு போனேன்."

கல்யாணமாகி இவர் ஒரே மூச்சில் இத்தனை வாக்கியம் பேசி நான் கேட்டதில்லை. அடுப்பில் தோசை கருகியது. சுரண்டி எடுத்துவிட்டு இன்னொன்று ஊற்றினேன். அப்புறம் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஜூலை 20, ஞாயிறு

நேற்றும் இருவரும் போகவில்லை. இன்று குரூப்பில் என் பழைய மெசேஜ்களைத் தேடிப் பார்த்தேன். கை வலிக்கும் வரை மேலே தள்ள வேண்டியிருந்தது. வரிசை, கேன்டீன், செருப்பு ஸ்டாண்டு, தண்ணீரில் குளோரின், பாட்டுச் சத்தம், டிக்கெட். ஐந்து வருடம் முன்னால் போனால் ஒன்று இருந்தது: "இன்னைக்கு மழையில கோஸ்டர்!!! நானும் ஷமீமாவும் மூணு தடவை!!!" இதை எழுதியவளை நான் மறந்தே போயிருந்தேன். அன்றும் வரிசை நீளமாகத்தான் இருந்திருக்கும்.

பார்க் கெட்டுப்போயிருக்கிறது, அதில் சந்தேகமில்லை. கொஞ்சம் நானும்.

"ஒரு வருசம் நான் வரல" என்று போட்டேன். அண்ணாச்சி: "ஏம்மா, நீயுமா?" ஷமீமா தனியாக ஒரு இதயம் அனுப்பினாள். பிறகு, "இவுகளுக்கு மீன் வாங்கணும், எந்தக் கடை நல்லாருக்கு?"

ஜூலை 31, வியாழன்

காற்று. முருங்கைக் கிளை ஒன்று ஒடிந்து கார் மேல். கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை.

லேப்பில் அரை நாள் பெர்மிஷன். மினி பஸ் பிடித்துப் பார்க் கவுன்ட்டருக்கு. போன தடவை பெல்ட் மாட்டிய அதே பெண் இன்று கவுன்ட்டரில். என்னைப் பார்த்ததும் முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டாள், பாவம்.

"ரெண்டுலாக்கா?"

"ஒண்ணு போதும்." இவர் பெயரைச் சொன்னேன். இவர் போட்டோவைக் கொடுத்தேன். நன்றி என்றும் சொன்னேன். அவளுக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும்.

வீட்டில் கொடுத்தபோது முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "உனக்கு?"

"எனக்கு ஒரு வருசம் லீவு."

"நான் மட்டும் என்னட்டி செய்ய அங்கன?"

"ஏறுங்க."

சிரிக்கவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தைரியமாகச் சொல்லிவிட்டேனே தவிர, சனிக்கிழமையை நினைத்தால் சங்கடமாகத்தான் இருக்கிறது. அவர் அங்கே, நான் இங்கே. காரில் இருந்த இரண்டு மணி நேரத்தையும் நானே கொடுத்துவிட்டேனோ?

ஆகஸ்ட் 2, சனி

வெயிலும் சாரலும் மாறி மாறி. இவர் பத்து மணிக்குக் கிளம்பினார். காரை எடுக்கும்போது பக்கத்து சீட்டை ஒரு தடவை பார்த்தார். நான் உள்ளே வந்துவிட்டேன்.

தலைக்குக் குளித்தேன். தூங்கினேன். மத்தியானம் தனியாகச் சாப்பிடப் பிடிக்கவில்லை, மோரைக் குடித்தேன். மூன்று மணிக்கு மேல் வாசலையே பார்த்துக்கொண்டு இருந்தேன் என்று எழுதுவதில் என்ன வெட்கம்.

நாலேகாலுக்கு வந்தார். சொட்டச் சொட்ட. துண்டை நீட்டினேன். வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு, வாசல்படியில் நின்றபடியே ஆரம்பித்தார்.

கோஸ்டர் இரண்டு தடவை. சங்கிலியை இழுக்கும் மோட்டாரில் ஒரு பேரிங் தேய்ந்திருக்கிறது, ஏறும்போது சத்தம் கேட்கிறது, இறங்கியதும் ஆபரேட்டரிடம் சொன்னாராம், அவர்களும் அதற்காகத்தான் ஆள் வரச் சொல்லியிருக்கிறார்களாம். பக்கத்து சீட்டில் கொல்லத்துக்காரர் ஒருவர், கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாராம், "பேடிக்கண்டா", பயப்பட வேண்டாம் என்று இவர் கையைப் பிடித்துக்கொண்டாராம், அவர் கைதான் நடுங்கியதாம். ஈரத்தோடு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஏட்டி, உச்சியில ஒரு நிமிசம் நிக்கும்லா, அங்கன இருந்து பாத்தா மலையில அருவி தெரியுது. வெள்ளையா, நூல் மாதிரி. நீ இத்தனை வருசம் பாத்திருப்ப, ஒரு நாளும் சொல்லலையே?"

பார்த்ததில்லை. அந்த இடத்தில் நான் கண்ணை மூடிக்கொள்வேன். பதினாறு வருடமாக. ஷமீமாவுக்குக்கூடத் தெரியாது. இவரிடம் சொன்னேன். அந்தப் பல் இல்லாத இடம் தெரியச் சிரித்தார்.

இப்போது ஐந்தரை. டீ போட்டுக் கொடுத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். அடுப்படியிலிருந்து இன்னும் குரல் வருகிறது. கொலம்பஸைத் திறந்துவிட்டார்களாம். கதை அலைக்குளத்துக்கு இன்னும் வரவே இல்லை. "ஏட்டி, கேக்கியா?" என்கிறார். கேட்கிறேன் என்று சொல்லிக்கொண்டே எழுந்து போகிறேன்.