துக்க வீட்டுச் சோறு

கூட்டாளிக்கு,

இந்த சீசன் முழுக்க நம் கிள்ளான் கால்பந்து அணி தோற்றபோதெல்லாம், ஒட்டுக்கடையில் டீ குடித்தபடி உன்னைத் திட்டியவர்களிடம், "மேனேஜர் நம்ம ஆளுலா, பார்த்துக்குவான்" என்று சண்டை போட்டவன் நான்.

நேற்றுக் கடைசி ஆட்டத்திலும் தோற்று, இரண்டாம் லீக்குக்கு இறங்கிவிட்டோம். நீ சாப்பிட்டிருக்க மாட்டாய் என்று, துக்க வீட்டுக்குக் கொண்டுபோவதுபோல் இன்று பங்சாரில் உன் வீட்டுக்குச் சோறும் ரசமும் எடுத்து வந்தேன். கதவைத் திறந்த நீ சிரித்துக்கொண்டே, "நேத்து எத்தனை கோலுடா?" என்று கேட்டாய்.

உனக்குத் தெரியவில்லை. மேனேஜருக்கே தெரியவில்லை!

கேரியரைக் கொடுக்காமல் திரும்பிவிட்டேன். என் மனைவி அதைத் திறந்து எனக்கே பரிமாறினாள்.

"சாப்பிடுங்க. துக்கம் நம்ம வீட்லதானே."

உன் பள்ளிக்கூட டீமின் கோல்கீப்பர்