நிரம்பித் திரும்பிய பாட்டில்கள்

என் வாணிக்கு,

நாத்தனாராக வாய்த்து தங்கச்சியாக இருந்தவளுக்கு, உன் அண்ணி எழுதுகிறேன்.

உப்பளத்தில் மறுபடியும் வேலை தொடங்கிவிட்டது. மழையில் முழுகிக் கிடந்த பாத்திகள் வெளுத்துக்கொண்டு வருகின்றன. "தண்ணி வடியட்டும் அண்ணி, மொத நாளே இறங்கிடுவேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாய். தண்ணீர் வடிந்தது. நீதான் அந்த மழைக்காலக் காய்ச்சலைத் தாண்டவில்லை.

அம்மனுக்கு விளக்குப் போடும்போதெல்லாம் ஏன் என்று கேட்கிறேன். ஏன் இவள், ஏன் இந்த வயதில். நீ இருந்திருந்தால், "அண்ணி, இவ்ளோ பெரிய கேள்வி கேட்டா சாமியே முழிக்கும். உடைச்சுக் கேளுங்க" என்று சிரித்திருப்பாய். இதை எப்படி உடைப்பதடி?

கேள்வியை உடைப்பதற்கு நீ பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். முதலில் உன் ஆராய்ச்சிக்கு ஒரு தலைப்போடு வந்தாய். உப்பளப் பெண்களின் வாழ்வும் பிரச்சினைகளும். உன் கைடு சார் திருப்பிக் கொடுத்துவிட்டார். அன்றைக்கு நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். நீ எதிரில் உட்கார்ந்து காம்பையும் சேர்த்துப் போட்டுக்கொண்டே அழுதாய்.

"தலைப்பு இருக்குதாம், கேள்வி இல்லையாம் அண்ணி."

"சரியாத்தானே சொல்லியிருக்கார்? வீட்டுச் செலவுன்னு ஒரே வரியில எழுதி வெச்சா கை எங்க மீறுதுன்னு எப்படித் தெரியும்? நான் பால் தனியா, காஸ் தனியா எழுதுறேன் இல்ல?"

"நீங்களும் அவர் கட்சியா? போங்க."

எட்டாவதோடு நின்று, வீட்டுக் கணக்கு எழுதி எழுதியே எழுத்தைப் பிடித்துக்கொண்டவள் நான். நீ கொண்டுவந்து போட்ட புத்தகங்களைத்தான் அதற்கு மேல் படித்தேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அந்த 'தனியா' எனும் சொல் உனக்குப் பிடித்துப்போயிற்று.

இரண்டாவது முறை, உப்பளம் பெண்களின் உடம்பைக் கெடுக்கிறது என்று எழுதிக்கொண்டு போனாய். அதற்கும் சார் தலையாட்டவில்லை. "விடை தெரிஞ்சுபோச்சுன்னா எதுக்கும்மா ஆராய்ச்சி? அதுக்குப் பேரு வழக்கு. நீ தோக்கக்கூடிய ஒரு கேள்வியைக் கொண்டுவா" என்றாராம். வீடு முழுக்க அதையே சொல்லிக்கொண்டு திரிந்தாய். தோற்கக்கூடிய கேள்வி, தோற்கக்கூடிய கேள்வி. உன் அண்ணன்கூட, "படிக்கப் போனவ தோக்கறதுக்கு ஏண்டி இந்தப் பாடு?" என்று கிண்டல் செய்தார்.

பிறகு ஒரு சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி ஓடி வந்தாய். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அண்ணி, பஸ் ஸ்டாப்புல உப்பளத்துப் பொம்பளைங்களைப் பார்த்தேன். எல்லார் கையிலயும் தண்ணி பாட்டில். எல்லாம் நிரம்பி இருக்குது! அந்த வெயில்ல நாள் பூரா நின்னுட்டு, கொண்டுபோன தண்ணியை அப்படியே திருப்பிக் கொண்டாறாங்க. ஏன்?"

அந்த 'ஏன்' சின்னதாக இருந்தது. கைக்குள் அடங்கியது. சாரும் சரி என்றார். அதற்கு விடையென்று ஓர் ஊகமும் வைத்திருந்தாய். கண்ணுக்கு எட்டிய மட்டும் வெட்டவெளி. ஒதுங்க ஒரு மறைவு இல்லை. அதற்குப் பயந்துதான் தண்ணீர் குடிப்பதில்லை என்று. உள்ளே இறங்கிப் பார்க்கத்தான் உனக்கு நேரம் வாய்க்கவில்லை. நீ எழுதிக் கொடுத்த சுருக்கத்துக்கு ஒப்புதல் வந்தபோது பாத்திகளின் மேல் மழைத் தண்ணீர் நின்றது.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன், கேள்.

போன மாதம் சார் போன் செய்தார். உன் நினைவாக ஒரு கூட்டம் வைத்து, அந்தச் சுருக்கத்தை வாசிக்கப்போவதாகச் சொன்னார். உனக்குப் பிறகு சேர்ந்த கூனிமேட்டுப் பெண் நஸ்ரின் உன் கேள்வியை எடுத்துச் செய்ய விரும்புகிறாள், வீட்டில் சம்மதமா என்றும் கேட்டார். எனக்குச் சாமி வந்ததுபோல் உடம்பு சிலிர்த்தது. உன் பேர் நிற்கப்போகிறதே.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயிலுக்குப் போனேன். வெளியே குழாயடியில் உப்பளத்துப் பெண்கள் நின்றார்கள். பஸ் ஸ்டாப்புக்குப் போகிற வழிதானே அது. அவர்களில் ஒருத்தி, அஞ்சலை, தன் பாட்டிலை அலசிவிட்டுக் குழாயில் பிடித்துக்கொண்டிருந்தாள். அடுத்தவள் பிடித்தாள். அதற்கடுத்தவளும். நான் அர்ச்சனைத் தட்டோடு அப்படியே நின்றுவிட்டேன்.

"இன்னாம்மா, பாட்டிலையே பாத்துனு நிக்கிற? தாகமா?" என்றாள் அஞ்சலை.

"தினமும் இங்கதான் புடிப்பீங்களா?"

"பின்ன? வூட்டுக் குழாய்ல வர்றது உப்புத் தண்ணி. ராத்திரி சோத்துக்கு நல்ல தண்ணி வேணும் இல்ல?"

"உப்பு வார்றவ வூட்டுல சக்கரைத் தண்ணியா வரும்?" என்றாள் இன்னொருத்தி. எல்லாரும் சிரித்தார்கள்.

"காலையில கொண்டுபோனதைக் குடிச்சிட்டீங்களா?"

"குடிச்சேனோ, மூஞ்சி கழுவினேனோ, யாருக்கு ஞாபகம்? நீ இன்னா போலீசா?"

வாணி, நீ பார்த்தது இந்தத் தண்ணீரைத்தான். நிரம்பித் திரும்பிய பாட்டில்கள் இல்லை, திரும்பும் வழியில் நிரம்பிய பாட்டில்கள். அந்தக் குழாயடியை நான் எத்தனை வெள்ளி தாண்டிப் போயிருப்பேன், ஒருநாளும் கண்ணில் பட்டதில்லை. உன் கேள்வி உள்ளே இருந்து உறுத்தியதால் அன்று பட்டது. உள்ளே போய் அம்மன் முன்னால் நின்றேன். கும்பிடக் கை கூடவில்லை. இதையா எனக்குக் காட்டினாய் என்றுதான் கேட்கத் தோன்றியது.

உன் அண்ணனிடம் சொன்னேன். "விடு. இப்ப அதைச் சொல்லி இன்னா ஆவப்போவுது? போனவ பேருக்கு எதுக்கு ஒரு குறை?" என்றார். சொல்லிவிட்டு முகம் கழுவுகிற மாதிரி எழுந்து போய்விட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியுமா? அவருக்கு உன்னிடத்தில் மிஞ்சியிருப்பது அந்தப் பேர்தானே.

எனக்கும் மூடிவிடத்தான் ஆசை. ஆனால் கூட்டலில் ஒரு தப்பு கண்ணில் பட்டபின், அதற்குக் கீழே அடுத்த வரி எழுத எனக்குக் கை வராது. நஸ்ரின் அந்தப் பெண்களின் நடுவே போய் நிற்கப்போகிறவள். தப்பான பாட்டிலைக் கையில் கொடுத்தா அனுப்புவது?

அவள் நம் வீட்டுக்கு வந்தபோது சொல்லிவிட்டேன். டீ ஆறிப்போகும்வரை யோசித்தாள். "அக்கா பார்த்தது சாயங்கால பாட்டிலைங்க. மத்தியானம் வரப்பு மேல பாட்டில் எப்படி இருக்குதுன்னு இன்னும் யாருமே பார்க்கலையே. அப்ப ஏன் குடிக்கலைன்னு கேட்க முடியாது. குடிக்கிறாங்களா, எப்போ குடிக்கிறாங்கன்னுதான் முதல்ல கேட்கணும்" என்றாள். பேச்சு உன்னுடையது மாதிரியே இருந்தது. நான் அடுப்படிக்குள் போய்விட்டேன்.

சாரிடமும் போனில் சொன்னேன். "அவ இருந்திருந்தா இதைக் கேட்டு ஒரு வாரம் அழுதிருப்பா. அப்புறம் எங்களையெல்லாம் நிக்க வெச்சு அவளே சொல்லியிருப்பா" என்றார். கூட்டத்தில் உன் கேள்வியை வாசித்தார்கள். குழாயடியையும் மறைக்காமல் சேர்த்து வாசித்தார்கள். உன் அண்ணன் கடைசி வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். வரும்போது பஸ்ஸில், "தோக்கறதுக்குன்னே கேட்டவதானே அவ" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

நேற்று நஸ்ரின் முதல் நாளாக உப்பளத்தில் இறங்கினாள். உன் பையில் இருந்த நீலப் பாட்டிலை இத்தனை மாதம் நான் தொடவில்லை. காலையில் கழுவி, நல்ல தண்ணீர் நிரப்பி அவளிடம் கொடுத்தேன். பொழுது சாயும்போது கறுத்த முகமும் வெடித்த உதடுமாக வந்து பாட்டிலை நீட்டினாள். கனத்தது. கழுத்து வரைக்கும் தண்ணீர்.

"கோயில் குழாய்ல புடிச்சியா?"

"இல்லைங்க. திறக்கவே இல்ல."

"ஏம்மா?"

பதில் சொல்ல வாயெடுத்தாள். அப்புறம் தலை குனிந்துகொண்டாள். வெட்டவெளியா, கூச்சமா, கவனிப்பில் மறந்ததா, எனக்குத் தெரியாது. "ஒரு பாட்டிலை வெச்சு எதுவும் சொல்லக் கூடாதுங்க" என்றாள். சரி என்றேன். உள்ளே வந்து, நீயும் பார் என்று உன் படத்தின் முன்னால் அந்தப் பாட்டிலை வைத்தேன். விடிந்த பின்னும் எடுக்க மனம் வரவில்லை.

கண்ணே, உன் ஊகம் நிற்குமோ விழுமோ, அதற்காக நான் வேண்டிக்கொள்ள மாட்டேன். நாளையிலிருந்து தினமும் காலையில் அந்தப் பாட்டிலை நிரப்பிக் கொடுப்பேன். சாயங்காலம் வாங்கும்போது, அதில் இருப்பது எந்தத் தண்ணீர் என்று உன் சார்பில் கேட்பேன். இது அம்மன் சாட்சி.

கீரையில் இனி யாரும் காம்பு சேர்த்துப் போடப்போவதில்லை என்ற வருத்தத்தோடு,
உன் அண்ணி.