வெள்ளிக்கிழமைகளில் எழுதிய பெயர்கள்

05.07.2005, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மேற்கிலிருந்து கச்சான் காற்று. கீபோர்டு முழுக்க மண். தட்டினால் நறநற.

இன்று:
– வீட்டுப் பட்டியல் முதற்பிரதி அச்செடுத்தல்
– முபாறக் காக்காவின் மவுஸைத் திருத்தல் (மூன்றாம் தடவை)
– யூ.பி.எஸ். பற்றரி. தரமாட்டார்கள். கேட்டுப் பார்க்கலாம்.

கொழும்பு வேலைக்கு நேர்முகத்தில் "என்ன செய்திருக்கிறாய்" என்று கேட்டால் சொல்ல, எழுதிப் பார்க்கிறேன்: சுனாமி நிவாரண அலுவலகம். மூன்று கணினி, மூன்று சாதி. தமிழ்க் குடும்பங்களைப் பதியும் தவமணி அக்காவுடையது விண்டோஸ் 98. முஸ்லிம் குடும்பங்களைப் பதியும் மூத்தவர் முபாறக் காக்காவுடையது எக்ஸ்பி. வெள்ளைக்கார இஞ்சினியர் விட்டுப்போன மேக், அதில் வேலை செய்பவர் பொறுப்பாளர் சேர். ஒன்றுக்கு மற்றதைத் தெரியாது. மூலையில் கிடந்த பழைய பெட்டியில் லினக்ஸ் போட்டு, அதன்மேல் சம்பா போட்டேன். இலவச மென்பொருள். அதன் மூலநிரலை யாரும் பார்க்கலாம், திருத்தலாம். மூன்றையும் ஒன்றோடொன்று கதைக்க வைத்தது அதுதான். பட்டியல் கோப்பு ஒன்றே ஒன்று, மூலைப் பெட்டியில். எல்லோரும் அதையே திறந்து எழுதுகிறார்கள். பிரிண்டரும் ஒன்று. மூன்றிலிருந்தும் அச்சாகிறது.

இதைச் செய்து முடித்த அன்று முபாறக் காக்கா கேட்டது: "சம்பாவா? கீரிச்சம்பாவா, நாட்டுச்சம்பாவா?" இன்றைக்கும் அதே பகிடி. நாளைக்கும்.

பி.ப. 3: அச்செடுத்து முன்பலகையில் ஒட்டியாயிற்று. திருத்தம் இருந்தால் ஞாயிறு வரை. திங்கள் காலை பட்டியல் அம்பாறை மாவட்ட அலுவலகத்துக்குப் போகிறது. அதில் பெயர் இல்லாதவருக்கு வீடு இல்லை. சேர் இதை நூறு தரம் சொல்லிவிட்டார்.

என் உம்மாவின் பெயர் முதற்பக்கத்திலேயே இருக்கிறது.

06.07, புதன்

காற்று நிற்கவில்லை. பலகையில் ஒட்டிய தாள் ஒன்று கிழிந்து றோட்டில் ஓடியது. பிடித்து வந்து மறுபடி ஒட்டினேன்.

ஒன்பது மணிக்குள் கூட்டம். பாண்டிருப்பு முகாம் பெண்கள், அவர்களோடு நாலைந்து ஆண்கள். பட்டியலில் தங்கள் பெயர் இல்லை என்கிறார்கள். எண்ணிப் பார்த்தோம். பத்தொன்பது குடும்பம். எல்லாம் தமிழ்க் குடும்பம். எல்லாம் தவமணி அக்கா பதிந்தவை. அவவும் பாண்டிருப்புத்தான். பாதிப்பேர் சொந்தம்.

அவ நேரே முபாறக் காக்காவின் மேசைக்குப் போனா.

"காக்கா, நான் அடிச்ச பேருகள் எங்க?"

"எனக்கென்ன தெரியும் தங்கச்சி? நான் என்ட பக்கத்தத்தானே அடிக்கிறன்."

"எங்கட ஆக்கள்ற பேர் மட்டும் எப்பிடிக் காணாமப் போகும்?"

"அப்ப நான் அழிச்சனெண்டு சொல்றியா?"

"நான் சொல்லல்ல. வெளியில நிக்கிற ஆக்கள் சொல்றாங்க."

வெளியில் நின்ற ஒருவன் ஜன்னலுக்குள் தலையைப் போட்டுச் சொன்னான்: "பேர அழிச்சாச்சு. இனி எங்களையும் அழிச்சிட்டா வேலை முடிஞ்சிரும்." முபாறக் காக்கா பேனாவை மூடினார், திறந்தார், மூடினார்.

நான் தவமணி அக்காவிடம், நீங்கள் சேவ் பண்ணாமல் விட்டிருப்பீர்கள் என்றேன். அவ என்னைப் பார்த்த பார்வைக்கு நான் வாயைப் பொத்தியிருக்கலாம். "தம்பி, நான் பதினொரு வருசம் டைப்பிஸ்ட்" என்றா.

தேத்தண்ணிக் கடையில் எங்கள் முஸ்லிம் ஆட்களின் கதை: "வேணுமெண்டு சொல்றாங்கடா. ரெண்டு வீடு எடுக்கிற வேலை." தேத்தண்ணியில் சீனி அதிகம். குடிக்காமல் வைத்துவிட்டு வந்தேன்.

கடைசியாக ஒரு பெண் மட்டும் படியில் இருந்தா. பூரணம். புருஷன் கடற்தொழில். பிள்ளைகள் மூன்றும் சுனாமியில் கடலோடு போனவர்கள். சும்மா கேட்டேன், எப்ப பதிந்தீர்கள் என்று.

"வெள்ளிக்கிழமை. நீங்க எல்லாம் தொழப் போன நேரம். பாங்கு கேட்ட கையோட உள்ளுக்கு வந்த நான்."

"ஏன் அந்த நேரம்?"

"அப்பதான் சனமில்லை. புள்ளைகள்ற பேரச் சொல்லக்குள்ள ஆக்கள் பின்னுக்கு நிக்கிறது எனக்கு ஏலாது. தவமணிதான் சொன்னது, அந்த நேரம் வா எண்டு."

வீட்டுக்கு வரும்வரை அந்த வெள்ளிக்கிழமை காதிலேயே நின்றது.

07.07, வியாழன்

ஏழு மணிக்கே அலுவலகம். தவமணி அக்காவிடம் கேட்டேன், மற்றப் பதினெட்டும் எப்ப? கொப்பியைப் பார்த்தா. அவவின் வரவுக் கொப்பியில் நாளும் நேரமும் குடும்பத் தலைவர் பெயரும் மட்டும் உண்டு. ஜூன் 17, ஜூன் 24, ஜூலை 1. மூன்றும் வெள்ளி. எல்லாம் பன்னிரண்டுக்கும் இரண்டுக்கும் இடையில். ஆட்கள் கூச்சமில்லாமல் கதைக்கட்டும் என்று அவவே அந்த நேரத்தை ஒதுக்கியிருக்கிறா.

சம்பாவின் அமைப்புக் கோப்பைத் திறந்தேன். தேடவே தேவையில்லை. நடுவில் நான் எழுதிய வரி: பூட்டு வேண்டாம். அதன் மேல் நானே போட்ட குறிப்பு: தற்காலிகம், 10 ஜூன்.

நடந்தது இதுதான். ஒருவர் கோப்பைத் திறந்து வைத்திருந்தால் மற்றவருக்குப் பூட்டு என்று சொல்லும். மூடினால்தான் எழுதலாம். மற்ற நாட்களில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில். "மூடிட்டன் தங்கச்சி, திற" என்று சத்தம் போட்டு மாறி மாறி எழுதுவார்கள். வெள்ளியில் முபாறக் காக்கா கோப்பை மூடாமல் ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விடுவார். மூடினால் அழிந்துவிடுமோ என்ற பயம் அவருக்கு. ஜூன் 10இல் நான் பள்ளிவாசலிலிருந்து வந்தபோது தவமணி அக்கா முறையிட்டா, பூட்டிக் கிடக்குது, வந்த சனத்தைத் திருப்பி அனுப்பினேன் என்று. மூத்த மனுசனிடம் "மூடிவிட்டுப் போங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்குப் பொறுமை இல்லை. பூட்டையே எடுத்துவிட்டேன். இரண்டு நிமிட வேலை. பெருமையாகவும் இருந்தது.

அதன் பிறகு ஒவ்வொரு வெள்ளியும்: அவர் தொழுகிறார். இவ எழுதி, சேவ் பண்ணி, மூடுகிறா. அவர் இரண்டு மணிக்கு வந்து, காலையில் திறந்த பழைய பிரதியின் மேல் சேவ் அழுத்துகிறார். இவ எழுதியது போய்விட்டது. எச்சரிக்கை கூட வராது. வரவிடாமல் செய்தவன் நான்.

காகிதத்தில் எழுத வேண்டாம், இரட்டை வேலை என்று சொன்னவனும் நான்.

முதலில் பெயர்களை மீட்போம், பிறகு சொல்வோம் என்று நினைத்தேன். பகல் முழுக்கத் தேடல். மூலைப் பெட்டியின் பிரதி: மாலை ஐந்துக்கு எடுபடுவது, அதற்குள் அழிந்தாயிற்று. 98இன் தற்காலிகக் கோப்புகள்: இல்லை. பிரிண்டர் வரிசை: இல்லை. அழித்த கோப்புகளைத் தோண்டும் மென்பொருள்: குப்பை எழுத்து.

எனக்குப் பின்னால் முபாறக் காக்கா பகல் சோற்றுப் பொதியை அவிழ்க்கவே இல்லை. யாரோ றோட்டில் வைத்து "பேர்க் கள்ளன்" என்றிருக்கிறார்கள். அழித்தவன் நான் என்று எனக்குத் தெரியும். பன்னிரண்டடி தூரத்தில் இருக்கிறார். சொல்லவில்லை.

08.07, வெள்ளி

காற்று குறைவு. புழுக்கம்.

பூட்டைத் திரும்பப் போட்டேன். இரண்டு நிமிடம்.

பத்து மணிக்குச் சேரின் அறையில் மூவரையும் வைத்துச் சொன்னேன். சேர் பாதியில் கையை உயர்த்தினார். "விளங்குற மாதிரிச் சொல்லு." நான் அழித்தேன் என்றேன். முபாறக் காக்கா மூடாமல் போனது பிழையில்லை, பூட்டு இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிராது என்றேன்.

சேர்: "வெளியில போய் அதுகள்ட்டயும் சொல்லு."

வாசலில் முப்பது பேர். சொன்னேன். எனக்குச் சனத்தோடு கதைக்க வராது. கோப்பு, பூட்டு, பிரதி என்று போனேன். ஒரு கிழவர்: "கம்பியூட்டரில பழியப் போடுறான்." கம்பியூட்டர் இல்லை, நான்தான் என்றேன். அதை இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது. அந்த ஜன்னல்காரன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். நம்பினானா தெரியாது.

முபாறக் காக்கா ஜும்ஆவுக்குப் போகமுன் என் மேசைக்கு வந்தார்.

"எப்ப கண்டுபுடிச்ச?"

"நேத்து. காலையில."

"நேத்துக் காலையில." தொப்பியைப் போட்டுக்கொண்டார். "நேத்துப் பின்னேரம் என்ட மகள் கேட்டாள், வாப்பா நீங்க அழிச்சீங்களா எண்டு. அதுக்கு முன்ன நீ சொல்லியிருந்தா நான் வீட்டுக்குத் தலை நிமிர்ந்து போயிருப்பன்."

அவர் திரும்பிப் போய்க் கோப்பை மூடினார். கணினியையே நிறுத்தினார். பிறகுதான் பள்ளிக்குப் போனார்.

நான் பின்வரிசையில் தொழுதேன். குத்பாப் பிரசங்கம் ஒன்றும் தலையில் ஏறவில்லை.

09.07, சனி

தவமணி அக்காவும் நானும் முகாமுக்கு. கடற்கரை மண்ணில் சைக்கிள் உருளாது, தள்ளித்தான் போக வேண்டும். கொட்டில்களின் தகரம் சுடுகிறது.

இன்று 11 குடும்பம். அக்கா கேட்க நான் எழுதினேன். காகிதத்தில், காபன் தாள் வைத்து. உயிரோடு இருப்பவர் பெயர், பிறந்த திகதி. மௌத்தானவர் பெயர், பிறந்த திகதி. இறந்தவர்களின் பெயர்களை ஒரே நாளில் இத்தனை பேர் வாயால் கேட்டதில்லை. தட்டச்சு செய்த பட்டியலில் இதெல்லாம் எனக்கு வெறும் கட்டங்கள்.

ஒரு மனுசி தேசிக்காய்த் தண்ணி தந்தா. "குடியுங்க தம்பி, முகம் கறுத்துக் கிடக்கு."

மு. காக்கா வரவில்லை. எதிர்பார்க்கவும் இல்லை.

10.07, ஞாயிறு

ஏழு குடும்பம். மொத்தம் 18. மிச்சம் பூரணம்.

கொட்டில் வாசலில் வலை பிரித்துக்கொண்டிருந்தா. தவமணி அக்கா பக்கத்தில் குந்தினா.

"பூரணம், ஒருக்காச் சொல்லு. நான் இரிக்கிறன்."

"சொல்லிட்டனே உனக்கு."

"அது அழிஞ்சிட்டுது."

"சொன்ன பிறகு ஒரு கிழமை நான் எழும்பல்ல. நீதானே கஞ்சி கொண்டாந்த. மறுகா ஏலாது."

அக்காவுக்குப் பெயர்கள் நினைவு. பிறந்த திகதிகள் நினைவில்லை. பத்திரங்களும் கடலோடு. திகதி இல்லாமல் ஏற்கமாட்டார்கள். புருஷனிடம் கேட்கலாமென்றால், தொழிலுக்குத் திருகோணமலைப் பக்கம் போனவர், அடுத்த கிழமைதான் வருவார்.

நான் பொறுக்காமல் சொன்னேன்: "நாளைக்குப் பட்டியல் போகுது. சொல்லாட்டி வீடு இல்லை."

"அப்ப வீடு வேணாம்."

வலையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டா. தவமணி அக்கா மெயின் றோட்டு வரை சைக்கிளைத் தள்ளி வந்தா. றோட்டில்: "தம்பி, உங்களுக்கு எல்லாம் கெதியா, உடனே நடக்கோணும்."

ஓம். உண்மைதான்.

திகதிகளை நானே ஏதாவது போட்டு நிரப்பலாம் என்று நினைத்தேன். யாருக்கும் தெரியவராது. கோப்பைத் திறந்தேன், அந்த வரிசையில் நின்றேன், மூடினேன்.

11.07, திங்கள்

ஆறரைக்கு அலுவலகம். 18 குடும்பமும் ஏற்றி முடித்தேன். அக்கா ஒவ்வொன்றாகக் காபன் பிரதியோடு ஒத்துப் பார்த்தா. பட்டியலைக் கொண்டுபோகும் வான் வண்டி பத்தரைக்கு.

பத்து மணிக்குப் பூரணம் வந்தா. நல்ல சேலை. தவமணி அக்காவின் மேசைக்குப் போகவில்லை. என் முன்னால் நின்றா.

"நீங்கதானே அழிச்ச. நீங்களே எழுதுங்க."

எழும்பிக் கதிரையைக் கொடுத்தேன். அவ உட்காரவில்லை. அலுவலகத்தில் பத்துப் பதினைந்து பேர். முபாறக் காக்கா எழும்பி எல்லோரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். அவரும் வெளியே நின்றுகொண்டார்.

சொன்னா. மூத்தவன், அடுத்தவள், கடைசி. திகதி, மாதம், வருடம். தடுமாறாமல். கடைசிப் பிள்ளைக்குச் சுனாமி வந்த மாதம்தான் இரண்டு வயது முடிந்திருந்தது. நான் மெதுவாகத் தட்டினேன். ஒரு எழுத்தும் பிழைக்கக் கூடாது.

"வாசியுங்க."

வாசித்தேன்.

"மூடிட்டுத் திரும்பத் திறந்து காட்டுங்க."

மூடினேன். திறந்தேன். இருந்தது.

"அந்தக் காக்காட பெட்டியில?"

கதவைத் திறந்து அவரைக் கூப்பிட்டேன். என் பிரதியை மூடினேன். அவர் தன் கணினியில் திறந்தார். வரிசையைத் தேடக் கொஞ்சம் நேரம் எடுத்தது. கண்டதும் கதிரையைப் பின்னுக்கு இழுத்து வழிவிட்டார். பூரணம் குனிந்து ஒவ்வொரு பெயரின் மேலும் விரலை வைத்துப் பார்த்தா. மூன்று. திரையில் விரலடையாளம்.

"இனி அழியாதே?"

அழியாது என்று சொல்ல வாய் வரவில்லை. பூட்டுப் போட்டிருக்கிறேன், மூன்று இடத்தில் பிரதி இருக்கிறது, காகிதத்திலும் எழுதுவோம் என்றேன்.

"அப்ப காகிதத்திலயும் எழுதுங்க. நான் நிக்கிறன்."

காபன் வைத்து எழுதத் தொடங்கினேன். வான்காரன் வெளியே ஹோர்ன் அடித்தான். முபாறக் காக்கா ஜன்னலால் எட்டிச் சொன்னார்: "பொறு. இன்னும் முடியல்ல."