எனக்காகப் போட்ட ஓட்டைகள்

அன்புள்ள சின்னவளுக்கு,

நானும் அப்பாவும் நலம். கார் ஷெட்டில் நிற்கும் விமானமும் நலம், எடைதான் கொஞ்சம் கூடுதல். உன் பல்வலி விட்டதா, எழுது.

அப்பா கட்டும் விமானத்தில் இரண்டு இருக்கை. இரண்டாவது எனக்காம். போன மாதம் சோதனை அதிகாரி எடை போட்டுவிட்டு, ரெண்டு பேரும் ஏறணும்னா நாலு கிலோ குறையணும், இல்லன்னா ஐயா மட்டும்தான் என்று சொல்லிவிட்டார். நான் முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டேன். நாற்காலியில் ஏறி பல்பு மாற்றினாலே எனக்குத் தலை சுற்றும். அப்பா விடவில்லை. உள்தகடுகளில் பலம் தேவைப்படாத இடங்களில் சாசர் அளவு ஓட்டை போட்டால் ஒன்றுக்குப் பதினேழு கிராம் குறையுமாம், ஆக இருநூற்று முப்பத்தாறு ஓட்டை. தகட்டை இரண்டு பலகைக்கு நடுவே இறுக்கி, துளைக்கருவியின் கத்தியை மெதுவாகச் சுழலவிட்டு வெட்ட வேண்டும், அவசரப்பட்டால் தகடே சுழலும். முதல் நாள் சுழன்றது, ஜன்னலுக்குப் புதுக் கண்ணாடி போட்டாயிற்று. வெட்டிய ஓரத்தில் பஞ்சைத் தடவிப் பார்ப்பார், ஒரு இழை மாட்டினாலும் மறுபடி அரம், இல்லையென்றால் அங்கேதான் விரிசல் ஆரம்பிக்குமாம். இப்போது வீட்டில் காயத்துக்கு வைக்கப் பஞ்சு இல்லை, காயம் மட்டும் இருக்கிறது.

எல்லாம் முடித்து எடை போட்டால் ஒரு கிராம்கூடக் குறையவில்லை. தராசை மாற்றினார். பிறகு இன்னும் அறுபது ஓட்டை. ஷெட்டைப் பெருக்கப் போனபோதுதான் இருக்கைக்குப் பின்னால் ஒரு சாக்குப்பையைப் பார்த்தேன். வெட்டிய வட்டங்கள் அத்தனையும் அதில். நல்ல தகடு, எதுக்காவது ஆகும் என்று சாயங்காலம்தோறும் எண்ணிப் போட்டு விமானத்திலேயே கட்டி வைத்திருக்கிறார். பார்க்காத மாதிரி மீதியைப் பெருக்கிவிட்டு வந்தேன்.

நேற்று அதிகாரி எட்டிப் பார்த்தார். இதுவரைக்கும் தாங்கும், இன்னும் நாலு ஓட்டை போட்டீங்கன்னா இது விமானமில்ல ஐயா, சல்லடை, தனியாப் போனாலும் விழும் என்றார். அவ வராம நான் எங்க போறது என்று சொல்லிவிட்டு, உன் அப்பா அடுத்த ஓட்டைக்குப் பென்சிலால் வட்டம் போட்டார்.

இன்று காலை அவர் குளிக்கப் போன நேரத்தில் பையை அவிழ்த்து உன் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். ஐந்து கிலோ, இடுப்பு பிடித்துக்கொண்டது. நாளை எடை போடுகிறார்கள். பையைக் கேட்டால் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டேன் என்பேன். ஒரு நாள் பேசமாட்டார். ஞாயிற்றுக்கிழமை மேலே பறக்கும்போது பேசித்தான் ஆக வேண்டும், பக்கத்தில் நான்தானே இருப்பேன்.

நீ நன்றாக இரு, நேரத்துக்குச் சாப்பிடு. போன் செய்யும்போது எடை எப்படிக் குறைந்தது என்று மட்டும் கேட்காதே. ஓட்டைகள்தான் குறைத்தன.

ஆசிகளுடன்,
இரண்டாவது இருக்கை
அம்மா